மலையேறிய மீன்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் கடலைத் தொடாத நான்கில் அதுவும் ஒன்று. ஆனால் 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலையைச் சுற்றிக் கனவரல்ல, பிங்கராவ, ஸ்பிரிங்வெளி என்று பரந்துகிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் எந்தத் தொழிலாளர் லயத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் கடல் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கும் கருவாடு, சம்பலில் இடித்துப் போட்ட மாசி, சம்பள நாளில் வெட்டித் திறக்கும் டின்மீன்.

தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் கோப்பியை அழித்த இலைநோயைப் பற்றி எழுதினார்கள். அந்த நோய் 1869-இல் முதலில் கண்ணில் பட்டது நமுனுகுலவுக்கு அப்பால் உள்ள மடுல்சீமையில்தான். கங்காணிமுறையைப் பற்றியும், பறிபோன குடியுரிமையைப் பற்றியும் எழுதினார்கள். சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் அதிகம் பேசப்படவில்லை. ஒரு மலைநாட்டுக்கு எந்த மீன், எந்த வழியாக, யார் கை மாறி வந்தது என்று தேடிப்போனால், அந்த நாட்டை ஆண்டவர்கள், அதற்காகச் சுமந்தவர்கள், கடன் கொடுத்துக் கணக்கு எழுதியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள்.

கதை தேயிலைக்கு வெகு முன்னரே தொடங்குகிறது. கண்டி அரசனிடம் 1660-இல் பிடிபட்டு 1679 வரை சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபர்ட் நொக்ஸ், 1681-இல் லண்டனில் அச்சான தன் நூலில் மலைநாட்டு மக்கள் உப்புக்கு என்ன செய்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். மேற்குப் பகுதியினருக்கு உப்பும் மீனும் புத்தளத்திலிருந்து வந்தன. கிழக்குப் பகுதியினருக்கு அது எட்டாத தூரம். மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைகளைத் தாண்டிப் போய்வர முடியாது. அவர்கள் தென்கிழக்கில் இருந்த லேவாயாக்களை நம்பினார்கள். காற்று அடிக்கும் காலத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும். காற்று மாறி வெயில் எறிக்கும்போது உப்பாகப் படியும். வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம்.

அந்த உப்பை மலைக்கு ஏற்றியவை தவளங்கள். முதுகின் இருபுறமும் பொதி சுமந்த எருதுகள் வரிசையாக நடக்க, பின்னால் ஓட்டுபவர்கள் வருவார்கள். கண்டி அரசில் இதற்கென்றே மடிகே என்றொரு பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் முஸ்லிம்கள் வேலை செய்தார்கள். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாந்தோட்டைப் பக்கமிருந்தும் உப்பு, உப்பிட்ட மீன், துணி ஆகியவை மேலே வந்தன. பாக்கும் தானியமும் கீழே போயின. கருவாடு உப்போடு கூடவே பயணம் செய்தது இயல்புதான். உப்பு இல்லாத இடத்தில் பிடிபட்ட மீன் மறுநாளே நாறிவிடும். உப்பு கிடைத்துவிட்டால் அது பல வாரம் தாங்கும், பல மலை ஏறும்.

கடற்கரையைப் பிடித்து வைத்திருந்தவன் கையில் இது ஓர் ஆயுதமாகவும் இருந்தது. ஒல்லாந்தர் கண்டியோடு பகைத்துக்கொண்ட போதெல்லாம் உப்பு வழிகளை அடைத்தார்கள். 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டி அரசன் தீவைச் சுற்றியிருந்த கரை முழுவதையும் ஒல்லாந்தர் கம்பனியிடம் இழந்தான். தன் குடிகள் சிலாபம், புத்தளம் போன்ற இடங்களில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமையை மட்டும் காகிதத்தில் காப்பாற்றிக்கொண்டான். ஓர் அரசு தன் துறைமுகங்களை விட்டுக்கொடுத்தபோதும் உப்பை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் வந்த பிரித்தானியர் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கினார்கள். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, அவருடைய தலையாய வேலைகளில் ஒன்று லேவாயா உப்பை அள்ளுவித்து, எடைபோட்டு, களவு போகாமல் காப்பதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. அவற்றுக்கு வேலை செய்யத் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் ஆகிய துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகள் வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களில் ஒரு பகுதி இன்னும் தெற்கே, இன்னும் உயரே, ஊவாவுக்கு வந்தது. கோப்பி செத்து, தேயிலை வந்தபோது அவர்கள் தொகை பெருகியது. இப்போது மலையில் ஆயிரக்கணக்கான வாய்கள். அவர்களுக்கு அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. கறி எங்கிருந்து வருவது?

பெரும்பகுதி வந்தது இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து. சென்னை மாகாணத்தில் உப்பு வரி கடுமையாக இருந்த காலம் அது. மலபாரிலும் தென்கன்னடத்திலும் சாளையும் கானாங்கெளுத்தியும் வலை கிழியுமளவு அகப்பட்டாலும், உப்பிட வழியில்லாமல் மீனவர்கள் உவர்மண்ணைப் பூசிக் காயவைத்தார்கள். 1870-களிலிருந்து அரசே வேலியடைத்த மீனுப்பிடும் களங்களைத் திறந்து, அங்கே கொண்டுவரும் மீனுக்கு மட்டும் மலிவு விலையில் உப்புக் கொடுத்தது. அந்தக் களங்களில் உப்பேறிய கருவாட்டுக்குக் கொழும்பு ஒரு பெரிய சந்தை. சென்னை அரசின் உப்புக் கொள்கைக்கும் நமுனுகுல லயத்தின் கருவாட்டுக் குழம்புக்கும் இடையில் இப்படி ஒரு நேர்கோடு உண்டு. தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணக் கருவாடுகளும் அதனோடு கலந்தன.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து மூட்டைகள் ரயிலேறின. பாதை 1885-இல் நானுஓயாவையும், 1893-இல் ஹப்புத்தளையையும், 1894-இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கே முப்பது வருடம் நின்றுவிட்டது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கும் பசறைக்கும் மாட்டுவண்டிதான். 1924-இல் ஒருவழியாக ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி வளைந்து தனக்குக் கீழேயே நுழையும் அந்த வித்தையைப் பார்க்க இன்று வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அந்தப் பாதை போடப்பட்டது தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுபோக. மேலே வந்த பெட்டிகளில் அரிசியும் கருவாடும் இருந்தன.

தோட்டத்தில் கருவாடு என்றால் ஒன்றில்லை. நெத்தலி கைப்பிடிக் கணக்கில் விற்கும், சூடை ஏழைக்கு, கட்டாவும் சுறாவும் சம்பளம் வாங்கிய கைக்கு. திருக்கையும் வாளையும் அகப்பட்டபோது. பெரட்டுக்குப் போகும் முன் ரொட்டியோடு தொட்டுக்கொள்ளச் சுட்ட துண்டு ஒன்று போதும். உப்பு அதிகம் என்பதே அதன் சிறப்பு. சிறு துண்டு நிறையச் சோற்றை இறக்கிவிடும். மலைக்குளிரில், மழையில் நனைந்துகொண்டு நாளெல்லாம் கொழுந்தெடுத்தவர்களுக்கு அந்த உப்பும் காரமும் நாக்குக்குச் சூடு கொடுத்தன. ஆனால் அது வறுமையின் கணக்கும்கூட. நிறைய மீன் வாங்க முடியாதவர்கள் நிறைய உப்பை வாங்கினார்கள்.

கடன் இங்கேதான் வருகிறது. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி என்று தொழிலாளி வந்து சேரும்போதே தன்னை ஆள்சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியிடம் கடன்காரனாக வந்தான். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. பல இடங்களில் கடையும் அவருடையது அல்லது அவருக்கு வேண்டியவருடையது. கருவாடும் மிளகாயும் பற்றில் போய், சம்பள நாளில் கழிந்தன. இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். 1921-இல்தான் சட்டம் இந்தத் துண்டுமுறைக்கு முடிவு கட்டியது.

மாசியின் கதை தனி. மாலைதீவில் தூண்டிலில் பிடித்த சூரை மீனைத் துண்டாக்கி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, கல்லைப்போல் இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. 14-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பயணி இப்னு பத்தூத்தா, அந்த மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் மாலைதீவுச் சுல்தானின் தூதுக்குழு கொழும்பு ஆளுநரைக் காண வந்தபோதும் காணிக்கைகளில் மாசி இடம்பெற்றது. மலையகத்தில் அதற்கு மீன் என்ற மரியாதையைவிட மசாலா என்ற மரியாதைதான் அதிகம். ஒரு துண்டு மாசியைத் தட்டிப்போட்டால் பருப்புக்கும் பலாக்காய்க்கும் மீன்வாசம் வந்துவிடும். ஐஸ் கண்டிராத காலத்தில் இதைவிடச் சிறந்த தொழில்நுட்பம் இந்துமாகடலில் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

இலங்கை மலையில் கோப்பி விளைந்த காலத்தில் உலகின் மறுகோடியில், பசிபிக்கின் வடகரையில், இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார்கள். மீன் ஏராளம், மனிதர் அரிது, சந்தை ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில். அங்கே சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பிவந்து முட்டையிட்டுச் சாகும். திரும்பிவரும் சில வாரங்களில் ஆற்றுவாயில் நின்றால் போதும். 1864-இல் ஹியூம் சகோதரர்களும் ஹாப்குட் என்பவரும் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் அந்த மீனை டின்னில் அடைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் தொழில் கொலம்பியா ஆற்றுக்குப் போனது. 1870-களில் கனடாவின் பிரேசர் ஆற்றுக்கும், 1878-இல் அலாஸ்காவுக்கும் பரவியது. கனடாவின் ஸ்கீனா ஆற்றுவாயில் 1889-இல் தொடங்கிய நோர்த் பசிபிக் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. சாலை இல்லாத கரை. கப்பலில் டின்தகடு வரும், கப்பலில் பெட்டி போகும். ஒரு பெட்டிக்கு ஒரு இறாத்தல் டின் 48.

அங்கே வேலை நடந்த விதத்தைப் படிக்கும் மலையக வாசகர் சற்று நிமிர்ந்து உட்காருவார். தொழிற்சாலை முதலாளி தொழிலாளரோடு நேரடியாகப் பேசவில்லை. சீன ஒப்பந்தக்காரர் ஒருவரோடு பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினார். அந்த ஒப்பந்தக்காரர் நகரத்துச் சீனத் தெருவிலிருந்து ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், தானே சாப்பாடு போடுவார், பருவ முடிவில் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைப்பார். ஜப்பானியர் பலர் படகோட்டிப் பிடித்தார்கள். அந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள் டின்னை நிரப்பினார்கள். பதுளையில் கங்காணி, ஸ்கீனாவில் சீன ஒப்பந்தக்காரர். தூரத்து மலையிலும் தூரத்துக் கரையிலும் பொருள் விளைவித்த முதலாளித்துவம் கணக்கு எழுதும் வேலையை ஒரே மாதிரி ஆளிடம்தான் விட்டது.

அந்த டின் சால்மனில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போனது. அங்கிருந்து சாம்ராச்சியத்தின் மூலை முடுக்கெல்லாம் போயிற்று. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஐரோப்பியக் கடைகள் வழியே தேயிலைத் துரைமாரின் பங்களா ஸ்டோர் அறைக்கும் வந்தது. லயத்தில் மலபார்ச் சாளை, பங்களாவில் பசிபிக் சால்மன். இரண்டும் தூரக்கடல் மீன்தான், இரண்டும் ஏதோ ஒரு ஆட்சேர்ப்பாளரின் கடன் புத்தகத்தைத் தாண்டி வந்தவைதான்.

ஹாலிபட் மட்டும் டின்னுக்கு வசப்படவில்லை. இரு கண்ணும் ஒரே பக்கத்தில் அமைந்த அந்தத் தட்டை மீன் 200 கிலோவுக்கு மேலும் வளரும். அது ஐஸில்தான் போக வேண்டும். ஐஸுக்கு ரயில் வேண்டும். அமெரிக்கக் கண்டத்தைக் கடக்கும் ரயில் பசிபிக் கரையை எட்டிய பிறகு, 1888-இல்தான் அதை வணிகமாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். 1914-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்துக்கு ரயில்பாதை முடிந்தது, அந்த ஊர் ஹாலிபட்டுக்குத் தலைநகரானது. அதே 1914-இல்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. அங்கே ரயில் ஏறியது மீன். இங்கே ஏறியவர்கள் மனிதர்கள்.

அளவில்லாத மீன் என்ற நம்பிக்கை அங்கே வெகுநாள் நிற்கவில்லை. 1913-இல் பிரேசர் ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ரயில்பாதை வேலைக்காகத் தகர்த்த பாறைகள் ஆற்றில் விழுந்து, அடுத்த ஆண்டு ஒரு பெருஞ்சரிவும் சேர்ந்து, மேலேறிவந்த சால்மனின் வழியை அடைத்துவிட்டன. மீன் ஏறுவதற்கான படிகளைக் கட்ட 1940-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஹாலிபட் குறைவதைக் கண்ட கனடாவும் அமெரிக்காவும் 1923-இல் ஒப்பந்தம் செய்து குளிர்காலத்தில் மூன்று மாதம் பிடிப்பதையே நிறுத்தின. பிரித்தானியாவின் கையெழுத்து இல்லாமல் கனடா தானாகச் செய்த முதல் ஒப்பந்தம் அது. ஒரு மீன் ஒரு நாட்டின் வெளியுறவுச் சுதந்திரத்துக்குக் காரணமாவது அடிக்கடி நடப்பதில்லை.

துரைமார் டின்னோடு திருப்தியடையவில்லை. சால்மன் குடும்பத்து மீனையே இலங்கை மலைக்குக் கொண்டுவந்தார்கள். 1880-களில் இங்கிலாந்திலிருந்து பிரவுண் ட்ரவுட் முட்டைகள் நுவரெலியாவுக்கு வந்தன. 1896-இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்து ஓடைகளில் விட்டது. பிரவுண் ட்ரவுட்டைத் திரும்பத் திரும்ப விட வேண்டியிருந்தது. பின்னால் வந்த ரெயின்போ ட்ரவுட்டோ ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கிக்கொண்டது. அது பசிபிக் கரைக்குரிய மீன். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் பிரிவும் அதில் உண்டு. 1989-இல் விஞ்ஞானிகள் அதைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, பதுளை மாவட்டத்து ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து ஏறிப் போனால், கடலே காணாத சால்மன் உறவுகள் நீந்தும் ஓடையை அடையலாம்.

அந்தக் காலத்தில் கிளப்பின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே தூண்டில் போட முடியாது. மலைக்கு உயிரோடு வந்த அந்தக் குளிர்நீர் மீனும் லயத்துக்கு எட்டாத மீன். அதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சிறு இறால் இனம் ட்ரவுட்டுக்கு இரையாகிக் குறைகிறது என்று உயிரியலாளர் கவலைப்படுகிறார்கள். 1988-இல் சமவெளி தேசிய பூங்காவானது. துரைமாரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கான விலையை அந்த இறால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கனடா வேறு முகத்தோடு வந்தது. 1950-இல் கொழும்பில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ், அந்த நாடு இலங்கைக்கு மீன்பிடிப் படகுகளையும் ‘மேப்பிள் லீஃப்’ என்ற இழுவைக் கப்பலையும் கொடுத்தது. கொழும்பு முகத்துவாரத்தில் குளிரறை அமைக்கவும் உதவியது. அந்த இழுவைக் கப்பல் போனது கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மேட்டுக்கு. 1920-களில் ‘லில்லா’ என்ற கப்பல் ஆய்வு செய்து அதன் வளத்தைக் காட்டியிருந்தது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்குப் போயிற்று. ஆறு இலங்கைக் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு, வருடத்துக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாமல் பிடிக்கலாம் என்ற சலுகையோடு அந்தக் கதை முடிந்தது. கச்சதீவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் வாட்ஜ் பேங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதது விசித்திரம்தான்.

1970-களின் தொடக்கம் மலையகத்துக்குக் கொடிய காலம். அந்நியச் செலாவணி நெருக்கடியில் அரசு இறக்குமதியை இறுக்கியது. மாசி இறக்குமதி சரிந்தது; நூற்றாண்டுகளாக இலங்கையை நம்பியிருந்த மாலைதீவு ஜப்பானியருக்கு மீன் விற்கத் திரும்பியது. அரிசிப் பங்கீடும் மாவும் குறைந்தன. 1973, 1974-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. கிராமத்தவருக்குக் காணித்துண்டு இருந்தது, மரவள்ளியாவது நட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்குக் கடையைத் தவிர வேறு நிலம் இல்லை. கருவாடு இல்லாத கடையின் முன்னால் நின்றவர்களில் பலர் அப்போது எந்த நாட்டின் குடிமக்களாகவும் இல்லை.

ஊவாவுக்கு மிக நெருக்கமான கடல் கிழக்குக் கடல். பசறை, பிபிலை வழியாக இறங்கினால் செங்கலடி, மட்டக்களப்பு. மொனராகலை வழியாக இறங்கினால் பொத்துவில். இந்தக் கிழக்குக் கரையின் பருவம் மேற்குக்கு நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஏறத்தாழ சித்திரை முதல் புரட்டாதி வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். அப்போது தென்மேல் காற்று மேற்குக் கரையைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக, குடும்பத்தோடும் வலையோடும், கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடம்பெயர்ந்து வாடி அடித்தார்கள். கல்குடா, திருகோணமலைப் பக்கம், கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு. கரைவலை இழுத்தார்கள். ஐஸும் சாலையும் இல்லாத அந்தக் கரைகளில் பிடிபட்டதில் பெரும்பகுதி வாடியிலேயே கருவாடானது. ஸ்கீனா ஆற்றுவாயில் டின் செய்த வேலையை இங்கே உப்பும் ஓலைப்பாயும் செய்தன.

ஊவாவில் கச்சான் காற்று வீசித் தேயிலைக்கு வாசம் ஏறும் ஆடி, ஆவணி மாதங்கள்தான் கிழக்கில் வலை நிறையும் மாதங்களும். மலையில் நல்ல விலைக்குத் தேயிலை போகும்போது கீழே கருவாடு மலிந்திருக்கும். 1983-இல் போர் மூண்ட பிறகு இந்த ஒழுங்கு குலைந்தது. 1984 கடைசியில் கொக்கிளாய், நாயாறு மீனவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களும் ஊர்களை விட்டுத் துரத்தப்பட்டன. கடலில் தடை, கரையில் முகாம், சாலையில் சோதனைச் சாவடி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எஞ்சிய வள்ளங்களையும் வாரிக்கொண்டு போனது. மலைக்கு வந்த கருவாட்டில் வெளிநாட்டுச் சரக்கின் பங்கு கூடிக்கொண்டே போயிற்று.

இடையில் கடலோடு சம்பந்தமில்லாத ஒரு மீனும் தோட்டத்துச் சந்தைக்குள் புகுந்தது. 1952-இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா, கல்லோயாத் திட்டத்தில் உருவான சேனாநாயக்க சமுத்திரம் போன்ற பெருங்குளங்களில் பெருகியது. பச்சை மீனாகவும் கருவாடாகவும் மலைக்கு ஏறுகிறது. கடல்மீன் ருசி தெரிந்தவர்கள் அதைச் சேற்றுவாடை என்று ஒதுக்குவார்கள். விலை கேட்டபின் வாங்குவார்கள்.

பங்களாவின் டின் இப்போது லயத்துக்கு வந்துவிட்டது, உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கிறது. இலங்கைக் கடையில் ‘சமன் டின்’ என்று கேட்டால் கிடைக்கும் 425 கிராம் டின்னில் சால்மன் இருக்காது. பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீன். சிலியிலும் சீனாவிலும் அடைத்தது நெடுங்காலம் வந்தது. அண்மைக்காலமாக உள்நாட்டில் அடைத்ததும் வருகிறது. பசிபிக்கின் வடகரை போய்த் தென்கரை வந்தது என்று சொல்லலாம். பெரிய வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஒரு டின் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வேளைக்கு வரும். 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1,000 ரூபாவானது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து, டின்மீன் விலையும் கருவாட்டு விலையும் அந்த உயர்வை விழுங்கிவிட்டன. டின்மீனுக்கு அரசு அடிக்கடி கட்டுப்பாட்டு விலை விதிப்பது ஏன் என்பது லயத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றின் பாதிக்கு எழுத்துச் சான்று இன்னும் வீடுகளுக்குள்தான் இருக்கிறது. தோட்டக் கம்பனிகள் தேயிலையின் இறாத்தல் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. லயத்தில் எவ்வளவு நெத்தலி, எந்த விலைக்கு, யார் பற்றில் போனது என்பதை எழுதிவைத்தவர்கள் பதுளை, பசறை, பண்டாரவளைக் கடைக்காரர்கள். அவர்களுடைய பேரன்மார் இப்போது கடையைப் புதுப்பிக்கிறார்கள். பழைய பேரேடுகள் பரணில் கறையானுக்குக் கிடக்கின்றன அல்லது பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன. அப்படி ஒரு பேரேடு உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதுளை நூலகத்திலோ, பக்கத்துப் பாடசாலையிலோ, ஒரு பல்கலைக்கழகத்திலோ ஒப்படையுங்கள். அதற்கும் முடியாவிட்டால் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாவது வையுங்கள்.